மாலாவின் பவளத்துக்கு வெளிச்சம் பார்த்த கதை

தனக்கொடிக்கு நீல வெளிச்சம் புதிதில்லை. புதுச்சேரியில் ஒரு தனியார் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் அவள். அதில் பெரும்பகுதி பச்சைக் குழந்தைகள் வார்டில்தான் கழிந்தது. பிறந்த கையோடு மஞ்சள் பூத்துப்போகும் பிள்ளைகளை அங்கே நீல டியூப்லைட்டுக்கு அடியில் கிடத்துவார்கள். கண்ணுக்குப் பட்டை கட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மல்லாத்தியும் குப்புறப்போட்டும், உடம்பில் ஓர் இடம் விடாமல் வெளிச்சம் படும்படி பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. டியூப் கண்ணுக்கு நன்றாகத்தான் எரியும், உள்ளே சத்து போயிருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு டியூப்பின் ஓரத்திலும் மாட்டிய தேதியைப் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டிவிடுவாள். டாக்டர்களே தன்னைக் கேட்டுத்தான் டியூப் மாற்றினார்கள் என்று சொல்லிக்கொள்வாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள், ஆனால் பொய்யில்லை.

அவள் வீட்டுக்காரர் இராமதாஸுக்கும் தொழில் வெளிச்சம்தான், அது வேறு மாதிரி. லாஸ்பேட்டையில் லைட் செட் கடை. கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் சீரியல் பல்பும் ஃபோகஸ் லைட்டும் ஏற்றிக்கொண்டு அவர் வண்டி போகும். அவர் கொள்கை ஒன்றே ஒன்று: லைட் போட்டால் பகல் மாதிரி இருக்க வேண்டும். வீட்டுக் கழிவறையில்கூட நாற்பது வாட் டியூப்லைட் மாட்டி வைத்திருந்த மனுஷர். இப்படி ஆளுக்கொரு வெளிச்சத்தை நம்பிக்கொண்டு இரண்டு பேரும் முப்பது வருஷம் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தியிருந்தார்கள். மகள் மாலாவின் பவளம்தான் சண்டையைக் கிளப்பிவிட்டது.

மாலா ஒரே பெண். லாஸ்பேட்டையிலேயே ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் நாலடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புத் தண்ணீர் நிரப்பி, அதில் கடலை வளர்த்தாள். இரண்டு கோமாளி மீன், நாலைந்து நத்தை, நடுவில் ஒரு கல்லின் மேல் பவளம். நகைக்கடைப் பவளமும் இல்லை, வளர்க்கக் கூடாது என்று சட்டம் சொல்லும் கல்பவளமும் இல்லை. இது மெத்தென்று தோல் போலிருக்கும் ஜாதி. தடித்த தண்டு, மேலே குடை, குடை முழுக்க ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டிப் பூ. ஒவ்வொரு பூவும் ஒரு வாய் என்றும், உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது என்றும், அந்தப் பாசிதான் வெளிச்சத்தை வைத்துச் சமைத்துப் பாதிச் சாப்பாடு போடுகிறது என்றும் மாலா விளக்கியிருந்தாள். இராமதாஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அதற்குக் காளான் என்று பெயர் வைத்தார்.

கட்டைவிரல் அளவுத் துண்டாக அதைக் கொடுத்தவன் சென்னையில் இருக்கும் மாலாவின் சிநேகிதன் ஹரிகிருஷ்ணன். நாலு வருஷத்தில் அது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வந்துவிட்டது. 2006 பிப்ரவரியில் மாலாவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பிரெஞ்சு குடியுரிமைக்காரர், வேலை ரெயூனியன் தீவில். மார்ச்சில் கிளம்பும்போது பெட்டி படுக்கையெல்லாம் எடுத்துக்கொண்டாள், கடலை மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"ஹரிகிட்ட குடுத்துடலாம்மா, அவன் பாத்துப்பான்" என்றாள் மாலா.

"எதுக்குக் குடுக்கணும்? முப்பத்தொரு வருஷம் ஊர்ப் புள்ளைங்கள பாத்தேன். ஒரு காளான பாக்க மாட்டனா?" என்றாள் தனக்கொடி. வீடு காலியாகப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். மகள் கைபட்டு வளர்ந்ததில் உயிரோடு ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும் என்று அவள் நினைத்தாள். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மாலா போன பத்தாம் நாள் தொட்டிக்கு மேலிருந்த விளக்கு அணைந்தது. சோக்கு கருகிய வாடை கூடமெல்லாம் அடித்தது. இராமதாஸ் ஸ்குரு டிரைவரை வைத்துத் திறந்து பார்த்து, "செத்துப்போச்சு" என்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நானே போடறேன்" என்றார். இவ்வளவு நாள் அந்தத் தொட்டிப் பக்கம் ஒதுங்கியே இருந்தவர், விளக்கு என்றதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை கடையிலிருந்து மெட்டல் ஹாலைட் ஃபோகஸ் ஒன்றைக் கொண்டுவந்து தொட்டிக்கு மேலே தொங்கவிட்டார். நகைக்கடைகளில் கண்ணைக் கூசவைக்குமே, அந்த விளக்கு. சூடேற ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டு, பிறகு முழுசாகப் பிடித்தது. அலை அசைந்தபோது எதிர்ச் சுவரெல்லாம் வெளிச்ச வலை நெளிந்தது. தொட்டித் தரையிலும் அப்படியே. தனக்கொடி சேரைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எப்பிடி?" என்றார் இராமதாஸ்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா மஞ்சளா இருக்குதே."

"மஞ்சளா இருந்தாத்தான மங்களகரமா இருக்கும்?"

"அது கடலுக்குள்ள இருக்கற ஜாதிங்க. கல்யாண மண்டபத்துல இருக்கறதில்ல."

மதியம் மூன்று மணிக்குத் தொட்டியில் மாட்டியிருந்த தெர்மாமீட்டர் முப்பத்திரண்டைக் காட்டியது. கோமாளி மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இராமதாஸ் மேஜை ஃபேனை இழுத்துத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினார். ஒரு டிகிரி இறங்கியது. விளக்கு பாட்டுக்கு மறுபடி ஏற்றியது. சித்திரைக்கு இன்னும் நாள் இருந்தது. இதற்கே இப்படி என்றால் கத்திரியில் மீன் குழம்புதான் என்று அவள் சொன்னதும் அவர் ஸ்விட்சை அணைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலா போன் செய்தாள். அப்பாவும் அம்மாவும் ரிசீவரை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு வழக்கைச் சொன்னார்கள். மாலா பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடல்தண்ணீர் முதல் சில அடியிலேயே சிவப்பையும் மஞ்சளையும் விழுங்கிவிடும், கீழே போகப் போக மிஞ்சுவது நீலம், பவளத்துக்குள் இருக்கும் பாசி அந்த நீலத்துக்குத்தான் பழகியது என்றாள். தனக்கொடிக்கு அது ஒன்று போதும். "பாத்தீங்களா? நம்ம வார்டு நீலம்" என்று அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்த நொடியிலிருந்து அந்தப் பவளம் அவளுக்கு வார்டில் சேர்ந்த பிள்ளையாகிவிட்டது.

கடைசியில் ஒல்லி டியூப் என்று முடிவானது. விரல் கனத்துக்கு இருக்கும், டி-ஃபைவ் என்பார்கள், பழைய டியூப்பைவிட வெளிச்சம் அதிகம், சூடு ஹாலைட்டைவிடக் குறைவு. இரண்டு வெள்ளை, இரண்டு நீலம், சென்னையிலிருந்து வரவழைத்தார்கள். வாங்கி மாட்டிவிட்டால் இராமதாஸுக்கு மரியாதை என்ன ஆவது? தட்டாஞ்சாவடியில் தெரிந்த பட்டறைக்குப் போய், பளபளவென்றிருக்கும் அலுமினியத் தகட்டை ஒவ்வொரு டியூப்புக்கும் பின்னால் தனித்தனியாக வளைத்து வாங்கிவந்தார். ஒரு டியூப்பின் வெளிச்சம் இன்னொன்றின் மேல் விழுந்து வீணாகாமல் அத்தனையும் கீழே இறங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கூண்டு செய்து, இரண்டு சங்கிலியில் தொங்கவிட்டு, பத்து மணி நேரம் எரிய டைமர் வைத்தார். போட்டதும் தொட்டி ஆழக்கடல் நிறத்துக்கு வந்தது. சுவரில் வலை நெளியவில்லை. அது ஒன்றுதான் அவருக்குக் குறை. தனக்கொடி நாலு டியூப்பின் ஓரத்திலும் தேதி எழுதிப் பிளாஸ்திரி ஒட்டினாள்.

முதல் இரண்டு நாள் பவளம் பாதி விரிந்தது. மூன்றாம் நாள் அவள் உற்றுப் பார்த்தாள். சுவர்ப் பக்கமிருந்த பூக்கள் கொஞ்சம் குட்டையாக, வெளிறினாற்போல் பட்டன. அந்தப் பக்கம் வெளிச்சம் போதவில்லை என்று அவளாகவே முடிவுகட்டினாள். முழங்கைவரை வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டாள், சோப்பு ஆகாது என்று மாலா சொல்லியிருந்தாள். கையை விட்டுப் பவளம் இருந்த கல்லைப் பிடித்து, கால் வட்டம் திருப்பி வைத்தாள். மதியம் ஒருமுறை. சாயந்திரம் விளக்கணைவதற்குள் ஒருமுறை. மறுநாளும் அப்படியே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் பழகிய கைக்கு மூன்று வேளை என்பது சலுகைதான். அதை ஒரு வேலையாகவே அவள் நினைக்கவில்லை. வாசல் தெளிப்பதைப் போய் யார் போனில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

ஒரு வாரத்தில் பவளம் மூடிக்கொண்டது. பூ ஒன்றுகூட இல்லாமல் வழவழவென்று மொட்டைத் தலையாக நின்றது.

மாலாவையும் சேர்த்து மூன்று பேருக்கும் முதலில் சந்தேகம் போனது விளக்கின் மேல்தான். அதுதானே புதிது! வெளிச்சம் பத்தவில்லை போலிருக்கிறது என்று மாலா சொன்னாள். இராமதாஸ் இன்னும் இரண்டு டியூப் சேர்த்து ஆறாக்கினார். பவளம் இன்னும் சுருங்கியது. சரி, அதிகமாகிவிட்டது என்று இரண்டைக் கழற்றினார். நீலம் கூடுதலோ என்று ஒரு நீலத்தை எடுத்து வெள்ளை போட்டார், மறுபடி நீலமே போட்டார். கத்திரி வெயிலில் ஃபேன் வைத்து ஹாலைட்டை ஒரு வாரம் முயன்று பார்த்துவிட்டு அதையும் இறக்கினார். பழையபடி நாலு ஒல்லி டியூப்புக்கே வந்து சேர்ந்தார்கள். போன் வரும்போதெல்லாம் மாலா ஒன்றுவிடாமல் கேட்பாள். உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, எத்தனை மணிக்கு விளக்கு, மீன் கடிக்கிறதா? தனக்கொடி எல்லாவற்றுக்கும் வார்டு சார்ட் வாசிப்பதுபோல் டாண் டாண் என்று பதில் சொல்வாள். திருப்புவதைப் பற்றி மாலா கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

மூடிக்கொண்ட பிள்ளைக்கு இன்னும் கவனம் தேவை என்று அவள் ஐந்து வேளையாக்கினாள்.

ஆடி மாசம் இராமதாஸுக்கு மூச்சுவிட நேரமில்லாத சீசன். அம்மன் கோயில் ஒவ்வொன்றிலும் திருவிழா. ஊர் முழுக்க விளக்கு கட்டிவிட்டு வருகிறவர், வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் தொட்டியைப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கைகால் கழுவப் போவார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "எனக்கு லைட்டே தெரியாது போலருக்குது தனம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஆள் தொழிலில் நஷ்டப்பட்டு உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறாள், தொழில் தெரியாது என்று சொல்லி ஒருநாளும் பார்த்ததில்லை. பவளம் மேல் அவளுக்குக் கோபம்கூட வந்தது. அப்படியும், "நீலம் இன்னும் ஒண்ணு போட்டுப் பாக்கலாங்க" என்றுதான் அவள் வாயில் வந்தது.

ஆகஸ்டில் பவளம் பாதியாகிவிட்டது. மாலா போனில், "அம்மா, நீ தப்பா நெனச்சுக்காத. ஹரி பிள்ளையார் சதுர்த்தி முடிஞ்சு ஒரு ஞாயித்துக்கெழம வருவான். அவங்கிட்ட குடுத்துடு. அங்க பெரிய தொட்டி, எல்லா வசதியும் இருக்குது" என்றாள்.

"சரிம்மா" என்றாள் தனக்கொடி. ரிசீவரை வைத்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். வார்டில் நிலைமை கைமீறிப்போன பிள்ளைகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஆம்புலன்ஸ் ஏறும்வரை கூடவே போய் வாசலில் நிற்பாள். அந்த மாதிரி நாட்களில் அவள் வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசமாட்டாள். இப்போதும் பேசவில்லை. இராமதாஸ் தானாகவே ஸ்டூலைப் போட்டு ஏறி, சங்கிலியைச் சுருக்கி, விளக்குக் கூண்டை ஒரு சாண் மேலே தூக்கினார். கடைசியாக ஒன்று பார்த்துவிடலாம் என்று நினைத்திருப்பார்.

அந்த வருஷம் ஊரையே படுக்கப்போட்ட சிக்குன்குனியா அடுத்த நாள் லாஸ்பேட்டையில் அவர்கள் தெருவுக்கும் வந்தது. தனக்கொடிக்கு விடியற்காலையில் காய்ச்சல் அடித்தது. எழுந்து நிற்கப் பார்த்தாள், முழங்கால் மடங்கவில்லை. விரல்கள் வீங்கி, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. தெருவில் வீட்டுக்கு ஒருவர் குனிந்தபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். இத்தனை வருஷம் மற்றவர்களைப் படுக்கவைத்தவள், இராமதாஸ் ஊட்டிய கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்தாள்.

படுக்கையிலிருந்தே வார்டை நடத்தினாள்.

"ஏங்க, தண்ணி கொறஞ்சிருக்குதா பாருங்க."

"ஊத்திட்டேன்."

"மீனுக்கு?"

"போட்டுட்டேன்."

"கல்ல திருப்பி வச்சீங்களா? கால் வட்டம். மூணு வேளையாவது."

"ஆங். வச்சேன், வச்சேன்."

தினமும் கேட்டாள், தினமும் வைத்தேன் என்றார். ஒரு பக்கம் சதுர்த்திக்குத் தெருத்தெருவாகப் பிள்ளையாருக்கு விளக்கு கட்டும் வேலை, மறுபக்கம் சமையல், வெந்நீர், மாத்திரை. மனுஷர் இளைத்துப்போனார். அவர் வந்து படுக்கையோரம் உட்காரும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் இருப்பாள். அவரிடம் வேலை வாங்குவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

பதினாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு வந்துவிடுவதாக ஹரிகிருஷ்ணன் முந்தின நாளே போன் செய்திருந்தான். கொண்டுபோவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தனக்கொடி எட்டரைக்கு எழுந்து, கதவு நிலையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, கூடத்துக்கு வந்தாள். விளக்கு அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தது.

பவளம் விரிந்திருந்தது. குடை தெரியாத அளவுக்குப் பூ. ஒவ்வொன்றும் அரை விரல் நீளத்துக்கு எழும்பி, தண்ணீர் போகும் பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. மாலா இருந்தபோதுகூட அவள் அப்படிப் பார்த்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடிவந்த இராமதாஸ் சிரித்தார். "மூணு நாளா இப்பிடித்தான். நீயே எழுந்து வந்து பாக்கட்டும்னு சொல்லாம வச்சிருந்தேன். ஒரு சாண் தூக்குனேன் பாத்தியா? அதான் விஷயம்."

"நீங்க திருப்பி வச்ச கைராசியுந்தாங்க."

அவர் முகத்தில் சிரிப்பு குறைந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். ஏற்கனவே காய்ந்திருந்த கை.

"என்னாங்க?"

"ஒண்ணுமில்ல. நீ திட்டக்கூடாது."

"என்னான்னு சொல்லுங்க."

"நான் திருப்பல தனம். ஒரு நாள்கூட திருப்பல. கைபட்டுக் கிழிஞ்சிடுமோன்னு பயமா இருந்துது. நீ கேக்கறப்பல்லாம் சும்மா வச்சேன்னு சொல்லிட்டேன்."

அவர் திட்டு வாங்கத் தயாராக நின்றார். தனக்கொடி திட்டவில்லை. மெதுவாகச் சேரில் உட்கார்ந்தாள். பதினாலு நாள் யாரும் திருப்பவில்லை. அதற்கு முன்னால் ஐந்து மாசம், நாளுக்கு மூன்று தரம், ஐந்து தரம். அவள் கை முதன்முதலில் தொட்டிக்குள் போனது எந்த நாள், பவளம் மூடியது எந்த நாள் என்று எண்ணிப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம்தான் இருந்தது.

அப்போது கொளஞ்சியின் ஞாபகம் வந்தது. பாகூர் பக்கத்துப் பெண், விவசாயக் குடும்பம், முதல் பிரசவம். பிள்ளை மூன்று நாள் நீல வெளிச்சத்தில் கிடந்தது. பால் கொடுக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்தப் பெண் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். ஒருமுறை யாரும் பார்க்காதபோது உள்ளே வந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். தனக்கொடி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "நீ தொடாம இருந்தாலே அது நல்லாயிடும். போ வெளிய" என்றாள். "தொடாம எப்பிடிக்கா இருக்கறது?" என்று அந்தப் பெண் கேட்டாள். என்ன கேள்வி இது என்று அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் அப்படி எத்தனையோ பேரை அவள் விரட்டியிருக்கிறாள். விரட்டியது சரிதான், பிள்ளைகள் பிழைத்தன. ஆனால் கொஞ்சம் அன்பாகச் சொல்லியிருக்கலாம் என்று வீங்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டு நினைத்தாள்.

பத்தேகாலுக்கு ஹரிகிருஷ்ணன் வந்தான். தோளில் பை, கையில் தெர்மோகோல் பெட்டி. வாசலிலேயே பெட்டியை வைத்துவிட்டு உள்ளே வந்தவன், தொட்டியைப் பார்த்ததும் செருப்புக் காலோடு நின்றுவிட்டான்.

"ஆன்ட்டி, இதையா கொண்டுபோகச் சொன்னா மாலா? எங்க வீட்ல இருக்கற இதோட தாய்ப் பவளம்கூட இவ்வளவு விரியாது! லைட்ல என்ன பண்ணீங்க?"

இராமதாஸுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறினார். தகட்டை எப்படி வளைத்தார், ஏன் தனித்தனியாக வளைத்தார் என்று சொன்னார். சங்கிலியைப் பிடித்துக் காட்டினார். "ஒரு சாண் தம்பி. கரெக்டா ஒரு சாண். அஞ்சு மாசம் எங்களுக்குப் பிடிபடாம போச்சு. முப்பது வருஷம் லைட்டு போட்டவன் நான், இந்த ஒரு சாண்ல போய் ஏமாந்துட்டேன்."

ஹரிகிருஷ்ணன் பக்தியோடு தலையாட்டினான். தனக்கொடி இருவரையும் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பவளம் இங்கேயே இருக்கும், அவர் தன் ஒரு சாணோடு சந்தோஷமாக இருப்பார், வார்டைக் கட்டி ஆண்ட தனக்கொடி சிஸ்டரின் மானமும் போகாது. ஆனால் ஆடியில் சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்ன, "எனக்கு லைட்டே தெரியாது போலருக்குது" என்ற அந்தக் குரல் அவளை விடவில்லை. ஐந்து மாசம் அந்த மனுஷரைத் தப்புச் செய்தவராக நிற்கவைத்தது அவள். அவர் இன்னும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

"தம்பி, லைட்டுல ஒண்ணுமில்லப்பா" என்றாள்.

இருவரும் திரும்பினார்கள்.

"நாந்தான். காலையில, மதியம், சாயந்தரம் கைய உட்டு அதத் திருப்பித் திருப்பி வச்சேன். எல்லாப் பக்கமும் வெளிச்சம் படட்டும்னு. ஆஸ்பத்திரில புள்ளைங்களத் திருப்புற மாதிரி. பதினாலு நாளா என்னால எழுந்திருக்க முடியல, இவரும் திருப்பல. அது பொழச்சிக்கிச்சு."

ஹரிகிருஷ்ணன் கண்ணை அகல விரித்தான். "மூணு வேளையுமா ஆன்ட்டி?"

"அஞ்சு வேள."

அவன் சிரிக்கக் கூடாது என்று பார்த்தான், முடியவில்லை. சிரித்துவிட்டுச் சொன்னான்: "அது ஒரு இடத்துல வேரூன்றி உக்காந்திருக்கற ஜீவன் ஆன்ட்டி. வெளிச்சம் எங்கேர்ந்து வருது, தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துப் பாத்துத்தான் ஒவ்வொண்ணா விரிக்கும். அது உக்காந்து முடிக்கறதுக்குள்ள நீங்க திருப்பிட்டா, மறுபடி மொதல்லேர்ந்து. நாலு தடவ பாக்கும், அப்புறம் மூடிக்கிட்டு இருந்துடும்." பெட்டியைப் பார்த்தான். "இப்ப நான் எடுத்துட்டுப் போனாலும் அதே கததான். இங்கயே இருக்கட்டும். மாலாகிட்ட நான் பேசிக்கறேன்."

தனக்கொடிக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது இராமதாஸை. அவர் இன்னும் ஸ்டூலின் மேலேயே நின்றார், ஒரு கை சங்கிலியில்.

"நீங்க ஏப்ரல்ல போட்டீங்களே, அந்த நாலு ஒல்லி டியூப் லைட்டே சரியாத்தாங்க இருந்துச்சு" என்றாள் அவரிடம். "அதுக்கப்புறம் மாத்துனதெல்லாம் என்னால. ஒங்க மேல தப்பே இல்ல."

இராமதாஸ் மெதுவாக இறங்கினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்துச் சேரில் உட்கார்ந்தார். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கோபமோ என்று ஹரிகிருஷ்ணன் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"முப்பது வருஷம் தம்பி" என்றார் அவர், அவனைப் பார்த்துத்தான் சொன்னார். "மாப்ள வீட்டுக்காரன் கோச்சிக்கிட்டுப் போனா லைட்டு சரியில்ல. சாமி ஊர்வலம் லேட்டானா லைட்டு சரியில்ல. பொண்ணு போட்டோல நல்லா உழலன்னா லைட்டு சரியில்ல. லைட்டு மேல தப்பு இல்லன்னு ஒருத்தர் வாயால நான் கேக்கறது இதான் மொத தடவ." தொண்டையைச் செருமினார். "அதுவும் இவ வாயால."

தனக்கொடி வீங்கிய கையை நீட்டி அவர் கையைப் பிடித்தாள். விரல் மடங்கவில்லை, வலித்தது. இருந்தாலும் எடுக்கவில்லை. ஹரிகிருஷ்ணன் அவர்களைப் பார்க்காமல் போய், வாசலிலிருந்த பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு மூன்று பேருமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.